மழைக் கணக்கு வகுப்பறைக்கு வரவேண்டும்

அக்டோபர் பிறந்து வானம் கறுத்துவிட்டால் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "நாளைக்கு லீவா?" என்பதே அது. பிள்ளை தாயைக் கேட்கிறது. தாய் பக்கத்து வீட்டாரைக் கேட்கிறாள். தகப்பன் செல்போனை எடுத்துத் தடவிப் பார்க்கிறார். கலெக்டரின் அறிவிப்பு வந்துவிட்டால் கேள்வி தீர்ந்தது. மழை எங்கிருந்து வருகிறது, அதை யார் அளந்தார்கள், எதை வைத்து முன்கூட்டியே சொன்னார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சென்னை வானிலை மையத்தில் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வு பெற்ற எஸ்.ஆர்.ரமணன் அவர்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எதற்காக நேசித்தார்கள்? காற்றழுத்தத் தாழ்வு நிலையை அவர் நிதானமாக விளக்கிச் சொன்னாரே, அதற்காகவா? இல்லை. அவர் முகம் தொலைக்காட்சியில் தெரிந்தால் லீவு நிச்சயம் என்பதற்காக! தமாஷ்தான். நாமும் சிரித்தோம். ஆனால், ஒரு விஞ்ஞானியை லீவு விடும் அதிகாரியாக எண்ணிக்கொண்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது என்றால், அது அந்தப் பிள்ளைகளின் குற்றமா? அவர்களுக்கு வானிலையைக் கற்பித்த விதத்தின் குற்றமா?

லீவு என்பதும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல் வருவதல்ல. மாடி வீட்டுப் பிள்ளைக்கு அது ஜன்னலோரம் உட்கார்ந்து பஜ்ஜி தின்னும் நாள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாளின் பிள்ளைக்கோ? அன்று தாய்க்கும் வேலை இல்லை, கூலி இல்லை. பள்ளி மூடிக் கிடப்பதால், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் இல்லை. மதியம் கிடைக்கும் சோறும் முட்டையும் இல்லை. அறிவிப்பு விடிந்தபின் வருமானால் சங்கடம் இன்னும் அதிகம். ஆறு மணி ஷிப்டுக்குத் தகப்பன் போய்விட்டார். பனியன் கம்பெனி வண்டி தாயை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிள்ளையை யாரிடம் விடுவது? ஆகவே, உழைப்பவன் வீட்டில் வானிலை என்பது பொழுதுபோகாமல் பேசும் பேச்சல்ல. அது அடுப்போடும் கூலியோடும் ஒட்டிக்கொண்ட சங்கதி.

இந்தச் சங்கதியைப் பள்ளிக்கூடம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் வானிலையும் காலநிலையும் என்றே பாடம் இருக்கிறது. வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், காற்று என்று எல்லாம் வருகிறது. பிள்ளை மனப்பாடம் செய்கிறது, பரீட்சையில் எழுதுகிறது, மார்க் வாங்குகிறது. அதே பள்ளியில் கம்ப்யூட்டர்கள் அடுக்கிய ஆய்வகம் இருக்கிறது; இணைய இணைப்பு வந்திருக்கிறது; பல இடங்களில் வகுப்புச் சுவரில் திரையும் ஏறிவிட்டது. அந்தத் திரையில், வங்கக் கடலில் அந்த நிமிடம் மேகம் திரள்வதை ரேடார் படமாகக் காட்டலாம். காசு கேட்பாரில்லை, தடுப்பாரில்லை. ஆனால் பாடம் ஒரு பக்கம் நடக்கிறது, மழை ஒரு பக்கம் பெய்கிறது. இரண்டையும் சந்திக்கவைக்க ஏற்பாடு இல்லை.

இந்த அறிவு யாருடைய சொத்து என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில், இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் வானாய்வுக் கூடம் ஒன்றைக் கட்டியது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. அந்தக் கூடத்துக் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. கம்பெனிக்காரன் தமிழ் மக்கள்மேல் இரக்கப்பட்டா இதைச் செய்தான்? அவனுக்குக் கப்பல் முக்கியம், கடல் வழி முக்கியம், நிலவரி முக்கியம். இருந்தும் தன் பெருமையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தபோது, இந்த ஊரார் படிக்கிற எழுத்தில் சொல்லவேண்டும் என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது. இன்றைக்கு ரேடார் படத்தின் ஓரத்தில் இருக்கும் விளக்கங்கள் இங்கிலீஷில் இருக்கின்றன!

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் பிறந்தது. 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்தது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. அதன் பிறகுதான் வெள்ளையன் சர்க்காருக்கு, நாடு முழுவதும் ஒரே கணக்காக மழையை அளக்கவேண்டும் என்ற புத்தி வந்தது. புயலில் செத்தவனும் பஞ்சத்தில் செத்தவனும் கொடுத்த விலையில் எழுந்தது அந்தத் துறை. அன்று முதல் அதை நடத்தும் பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கியவன் கட்டிய வரி. உப்பு வாங்கியவன் கட்டிய வரி. இன்று ரேடார், விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள், புனேயில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் அதே பணத்தில்தான் ஓடுகின்றன. 2024இல் மைய சர்க்கார் 'மிஷன் மௌசம்' என்று 2,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்ததும் நம் பணத்தில்தான். எனவே அங்கே கிடைக்கும் ஒவ்வோர் எண்ணும் பொதுச் சொத்து. அரசுப் பள்ளிப் பிள்ளை அதைக் கேட்டால், அது தன் வீட்டுப் பெட்டியைத் திறப்பது போன்றதுதான்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையப் பக்கத்தில் தினமும் மழையளவுப் பட்டியல் வருகிறது. காலை 8.30 மணிக்கு அளப்பார்கள். முந்தைய நாள் 8.30 முதல் 24 மணி நேரத்துக்கு உரிய கணக்கு அது. மறுநாளைய முன்னறிவிப்புத் தமிழிலும் வெளியாகிறது. ரேடார் படம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாறுகிறது. செயற்கைக்கோள் படம் இருக்கிறது. புயல் என்றால் அது இருக்கும் இடம், நகரும் திசை, காற்றின் வேகம் எல்லாம் வருகின்றன. கடலோரத்துக்கு, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் அலையின் உயரத்தைத் தனியே சொல்கிறது. இடி மின்னலுக்குத் 'தாமினி' என்றும், உழவருக்கு 'மேகதூத்' என்றும் செயலிகள் இருக்கின்றன. பழைய கணக்கு வேண்டுமானால், 1901 முதல் நாடு முழுவதற்கும் நாள்வாரியாகக் கட்டம் கட்டமாகப் பிரித்த மழையளவு புனே அலுவலகப் பக்கத்தில் கிடைக்கிறது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 385 தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவி, அவற்றின் விவரத்தை இணையத்தில் வெளியிட்டது. தன் ஒன்றியத்து நிலையம் எந்த வளாகத்தில் நிற்கிறது என்று அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

"எண்ணைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பெய்த மழை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்; துல்லியமாக 946 மில்லிமீட்டர். அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. பத்திரிகையில் படித்தோம், "அடேயப்பா" என்றோம், பக்கத்தைத் திருப்பினோம்.

வகுப்பறையில் இதை எப்படிச் சொல்லலாம்? ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 946 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 946 லிட்டர். பள்ளி மைதானம் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் 38 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி எத்தனை? 319 லாரி! ஒரே ஒரு ஏக்கருக்கு 319 லாரித் தண்ணீரை ஒரு பகல் ஒரு இரவில் கொட்டினால் என்ன ஆகும்? குளம் எத்தனை பிடிக்கும், ஓடை எத்தனை இழுக்கும், ஓடைமேல் கட்டிய வீடு என்ன ஆகும்? திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏன் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோயிற்று? தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணை வெள்ளம் எப்படி அரித்தது? ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல் கணக்குதான் இது. இதைப் போட்ட பிள்ளை, ஏரியைத் தூர்த்து மனை போடுகிறவனைப் பார்த்து நாளைக்குக் கேள்வி கேட்கும். சிலருக்கு அதுதான் பிடிக்காது போலும்!

சொற்களுக்கும் இப்படியே கணக்கு உண்டு. "கனமழை" என்று வானிலைக்காரர் சொன்னால், பலமாகப் பெய்யும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதி கனமழைக்கு வகுத்த எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சென்னை மூழ்கியதைக் கண்ணால் கண்ட நமக்கு, மறு நாளும் அதற்கு மறு நாளும் "கனமழை" என்ற ஒரே சொல்தான் காதில் விழுந்தது. ஆறு சென்டிமீட்டருக்கும் அறுபது சென்டிமீட்டருக்கும் வேறுபாடு தெரியாத காதில் எச்சரிக்கை விழுந்தென்ன, விழாமலென்ன?

நிற எச்சரிக்கையும் அப்படியே. மஞ்சள் என்றால் கவனமாயிரு. ஆரஞ்சு என்றால் தயாராயிரு. சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு. இது அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் சேர்த்துச் சொல்வது. பெய்யப்போகும் மழையோடு அதனால் விளையக்கூடிய சேதத்தையும் எண்ணிப் பார்த்துச் சொல்வது. 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை முன்னதாகவே மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். முந்தைய நாள் நல்ல மழை. ஆனால் 16ஆம் தேதி எதிர்பார்த்த அளவு பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிப் போயிற்று. உடனே கேலி கிளம்பிற்று: "மழை வரும் என்றார்கள், வெயில் அடிக்கிறது பார்!"

கேலி செய்வது எளிது. காரை மேம்பாலத்தில் ஏற்றியவர் எதையும் இழக்கவில்லை. ஒரு ராத்திரித் தூக்கம் போயிருக்கும். முன்னறிவிப்பு என்பது ஜோசியமல்ல. பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு உண்டு என்று சொல்வது விஞ்ஞானம். ஏழில் சனி, நிச்சயம் கண்டம் என்று சொல்வது ஜோசியம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து வயதில் கற்றுக்கொள்ளாதவன், நாற்பது வயதில் இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்து, ஜோசியனுக்குத் தட்சிணையும் விஞ்ஞானிக்கு வசவும் கொடுக்கிறான். தினமும் முன்னறிவிப்பை ஒரு நோட்டில் எழுதி, மறுநாள் பெய்த அளவைப் பக்கத்தில் எழுதி, மாத முடிவில் எத்தனை பலித்தது, எத்தனை தவறியது என்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும். அதைவிட நல்ல பகுத்தறிவுப் பாடம் வேறு எங்கே கிடைக்கும்? வானிலை மையம் தவறினால் அதையும் அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்கட்டுமே! பொதுப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் பொதுமக்கள் கணக்குப் பார்க்கத் தகுந்ததுதான்.

இனி, செல்போனுக்கு வருவோம். "இதெல்லாம் எதற்கு? போனைத் திறந்தால் வெப்பநிலை தெரிகிறதே!" என்பார்கள். தெரிகிறது. ஆனால் அது உன் தெருவில் யாரோ வெப்பமானியை மாட்டி அளந்ததல்ல, தோழா. பெரும்பாலும் அது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. பூமியைக் கட்டம் கட்டமாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எப்படி, ஈரம் எப்படி என்று கணக்கிட்டு வரும் எண். 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய 'பாரத்' முன்கணிப்பு முறையில் ஒரு கட்டத்தின் அளவு 6 கிலோமீட்டர். முன்பு இருந்ததைவிட இது நுட்பமானதுதான். என்றாலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தகரக் கூரையும் அம்பத்தூர் ஏரிக்கரை மரநிழலும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போகலாம். தகரக் கூரையின்கீழ் வெல்டிங் அடிப்பவனுக்கும் மரநிழலில் நிற்பவனுக்கும் போன் ஒரே எண்ணைத்தான் காட்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காமல் கருவியை மட்டும் கையில் கொடுப்பதால் என்ன பயன்? 2024 அக்டோபரில் வெப்ப அலையைப் பேரிடர் என்று தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. 2023இலும் 2024இலும் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தார்கள். வெயிலும் இனி பாடத்துக்குள் வரவேண்டிய பொருள்தான்.

அந்தச் செயலிகளில் பல, கம்பெனிகளுடையவை. நடுவில் விளம்பரம் வரும். நீ நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். அவை காட்டும் கணக்குக்கு அடிப்படையான விவரத்தைச் சேகரித்தது யார்? சர்க்கார்களின் ரேடார், சர்க்கார்களின் பலூன், சர்க்கார்களின் செயற்கைக்கோள். பொதுச் சரக்கை எடுத்துப் பளபளப்பான உறையில் போட்டு விற்பது நமக்குப் புதிதல்ல, குடிதண்ணீரில் பார்த்திருக்கிறோம்.

இந்த வியாபாரம் எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 2005இல் பென்சில்வேனியா செனட்டர் ரிக் சான்டோரம் ஒரு மசோதா கொண்டுவந்தார். தனியார் கம்பெனி தரக்கூடிய வானிலைச் சேவையைத் தேசிய வானிலைச் சேவை தானே மக்களுக்குத் தரக்கூடாது என்பது அதன் சாரம். அதாவது, மக்கள் வரியில் சேகரித்த விவரத்தைக் கம்பெனிக்குக் கொடு, மக்கள் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்! அக்குவெதர் என்ற பெரிய வானிலைக் கம்பெனியின் தலைமையகமும் அதே பென்சில்வேனியாவில்தான் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மசோதா நிறைவேறவில்லை. ஆனால் எண்ணம் சாகவில்லை. 2017இல் அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகியையே சர்க்காரின் கடல்-வளிமண்டல நிர்வாகத்துக்குத் தலைவராக ஜனாதிபதி டிரம்ப் முன்மொழிந்தார். செனட் உறுதிசெய்யாமலே இழுத்து 2019இல் அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. 2025இல் அந்த நிர்வாகத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆள் இல்லாமல் சில நிலையங்களில் வானிலைப் பலூன் விடுவது நிறுத்தப்பட்டது, சிலவற்றில் குறைக்கப்பட்டது.

அலாஸ்காவில் பலூன் பறக்காவிட்டால் ஆண்டிப்பட்டிக்கு என்ன என்று நினைக்கவேண்டாம். காற்றுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. உலகம் முழுவதிலுமிருந்து வரும் அளவுகளைச் சேர்த்துத்தான் எந்த நாட்டுக் கம்ப்யூட்டரும் கணக்குப் போடுகிறது. இதை உணர்ந்துதான் உலக வானிலை அமைப்பு 1995இல் ஜெனீவாவில் கூடி, அடிப்படை விவரங்களை நாடுகள் தடையின்றி, விலையின்றிப் பரிமாறிக்கொள்ளவேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஐரோப்பிய நாடுகள் பல கூடி நடத்தும் முன்கணிப்பு மையம், நெடுங்காலம் விலை வைத்திருந்த தன் அன்றாடக் கணிப்புகளை 2025 அக்டோபர் முதல் உரிமக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. நல்ல காரியம், பாராட்டுவோம். கதவு திறக்கிற காலத்தில் நம் பள்ளிப் பிள்ளை அந்த வாசலில் நிற்கவேண்டுமா, அல்லது கம்பெனிச் செயலியின் விளம்பரத்தை மூடுவதற்குப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கவேண்டுமா?

விவரம் இருந்தும் உயிர் போனதை நாம் பார்த்திருக்கிறோம். 2017 நவம்பர் 29 அன்று குமரிக்கருகே தாழ்வு மண்டலம் உருவாயிற்று; 30 காலையில் அது ஒக்கிப் புயலாயிற்று. எச்சரிக்கை வெளிவந்தபோது ஆழ்கடலுக்குப் போன குமரி மீனவர்கள் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அவர்களிடம் செய்தியைக் கொண்டுசேர்க்கக் கருவி இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்கள் ஒப்பாரி வைத்தன. அங்கே குற்றம் வேறு. செய்தி போய்ச் சேரவே இல்லை. 2024 மே 6 அன்று நடந்ததோ இன்னொரு வகை. குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. அதற்கு முன்பே ஐதராபாத் மையம் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுத்திருந்தது. எங்கோ தெற்கே நடுக்கடலில் எழும் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாதபோது திடீரென்று கரையேறும். திருடன்போல வருவதால் மலையாளக் கரை மீனவர் வைத்த பெயர் அது. படிப்பறிவில்லாத மீனவனுக்கு அந்தச் சொல் தெரியும். டாக்டருக்குப் படித்த பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தால்! பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் எந்த ஒரு நாளாவது, "இன்று கடல் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்" என்று ஓர் ஆசிரியர் திரையைத் திறக்க நேரம் கொடுத்திருந்தோமா?

கேரளத்தில் 2022இல் பள்ளி வானிலை நிலையங்கள் என்று தொடங்கினார்கள். புவியியல் பாடம் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில், இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு என்று திட்டம் போட்டார்கள். மழைமானி, வெப்பமானி, காற்றின் திசை காட்டி, வேகம் காட்டி எல்லாம் பள்ளி வளாகத்திலேயே. 2018 வெள்ளம் கற்பித்த பாடம் அது. கோட்டயம் பக்கம் மீனச்சில் ஆற்றங்கரையில், மலையிலிருந்து கீழே வரை ஊரார் மழைமானி வைத்து அளந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மேலே இத்தனை பெய்தது என்று தெரிந்தால் கீழே இருப்பவன் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிடுவான். இதற்குக் கோடி வேண்டாம். நேராக நிற்கும் பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள டப்பா ஒன்று, ஓர் அளவுகோல், மரமும் சுவரும் மறைக்காத இடம், காலை 8.30க்குத் தவறாமல் பார்க்கும் ஒரு பிள்ளை, இவ்வளவுதான். தான் அளந்ததை இணையத்தில் இருக்கும் பக்கத்து நிலைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், "நம்ம ஊரில் மூன்று சென்டிமீட்டர், அங்கே ஏழா!" என்று அந்தப் பிள்ளை வியக்கும். அந்த வியப்பில்தான் படிப்பு தொடங்குகிறது.

ஓர் ஆட்சேபணை வரும். அதை ஒதுக்க மாட்டேன். "ஆசிரியருக்கு இருக்கும் வேலை போதாதா?" என்பது அது. உண்மை. பெயர்ப் பட்டியல் முதல் செருப்பளவு வரை எல்லாவற்றையும் சர்க்கார் இணையப் பக்கத்தில் ஏற்றியே பாதி நாள் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்திருக்கின்றன. ஆகையால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடவேண்டும்: மழையளவை எழுதி மேலே அனுப்பு, போட்டோ எடுத்து ஏற்று, ஏற்றாவிட்டால் விளக்கம் கொடு என்று இதையும் ஒரு படிவமாக்கினால் காரியம் கெட்டது. நோட்டு பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். அதிகாரி அதைக் கேட்கவேண்டாம். காலை வணக்கக் கூட்டத்தில் ஏற்கெனவே குறளும் செய்தியும் வாசிக்கிறார்கள். அதோடு இரண்டு வரி: நேற்று நம் ஊரில் பெய்தது இவ்வளவு, இன்று எச்சரிக்கை நிறம் இது. ஒரு நிமிடம் ஆகாது.

சர்க்கார் செய்யவேண்டியது வேறு. ரேடார், செயற்கைக்கோள் படங்களின் விளக்கம் முழுவதும் தமிழில் வரவேண்டும். அதை ஆறாம் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதவேண்டும். பாடப்புத்தகத்தில் அச்சடித்திருக்கும் கட்டக்குறி, பழைய வீடியோவுக்குப் போவதோடு அன்றைய மழையளவுப் பட்டியலுக்கும் போகவேண்டும். ஒன்றியத்து நிலையத்தின் விவரம் அந்த ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு ஊர்ப் பெயரோடு வரவேண்டும். லீவு விடுவதானால் முந்தைய நாள் இரவுக்குள் சொல்லவேண்டும். மையத்தின் முன்னறிவிப்பு மதியமே வந்துவிடுகிறபோது, விடியும்வரை காத்திருப்பதற்குக் காரணம் தேவை.

இவற்றைக் கோட்டையிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பாலோர் பெற்றோர். அவர்களில் நம் தோழர்கள் எத்தனையோ பேர். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. மழையின் நடுவே நவம்பர் 1 அன்று மறுபடி கூடுகிறது. முதல் கூட்டத்தில், பள்ளியில் மழைமானி உண்டா, இணையத்தில் வரும் எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். இரண்டாம் கூட்டத்தில், அக்டோபர் மாத நோட்டைக் கொண்டுவந்து ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்க் கால்வாயைத் தூர்வாரியதாகக் கணக்கு எழுதியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மழை லீவு நாளில் சத்துணவுக் கூடத்து அடுப்பு எரியவேண்டுமா, அணைந்து கிடக்கவேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.